உன் அப்பாவின் பைப்பை எடுத்தது நான்தான்

ஐயா,

மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்ததும் அப்பா புகைத்த பைப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு படுத்திருப்பதைப் பார்த்திருப்பாய். நீளத்தை அளந்துதான் நறுக்கினேன், கச்சிதமாகப் பொருந்தியது. உன் பெண்டாட்டி ஷாமினியைச் சந்தேகப்படாதே, பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. காரின் மாற்றுச் சாவி அடுக்களையில் ஆணியில்தான் தொங்குகிறது. உன் காரின் பின்பக்கம், உன் வேலைக்கான அலாரச் சாமான்கள் வைக்கும் இரும்புப் பெட்டிக்குள், வயர் சுருளுக்கு அடியில், அப்பாவின் பழைய கண்ணாடிக் கூட்டில் நீ அதை ஒளித்து வைத்திருந்தாய். கூட்டுக்கு அடியில் மடித்து வைத்த இந்தக் கடிதத்தை இப்போது நீ படிக்கிறாய் என்றால், அந்தக் கூட்டை மறுபடியும் திறக்கப் போனாய் என்று அர்த்தம். எதற்காகத் திறந்தாய் என்பதைக் கடைசியில் பேசிக்கொள்வோம். முதலில் நான் கோபப்பட்டு முடிக்கிறேன். ஐந்து வாரமாக அடக்கி வைத்திருக்கிறேன். வீட்டில் புகை வந்தது அரை நிமிடம். பகை வந்து ஐந்து வாரம். சோறு போடும்போது நீ "போதும்மா" என்பதும் நான் "சரி" என்பதும்தான் இந்த வீட்டில் நமக்குள் நடக்கும் முழுப் பேச்சு.

அன்றைக்கு நடந்ததை உன் கண்ணால் பார்த்து நீ மனதில் ஒரு மாதிரி வைத்திருப்பாய். என் பக்கத்தையும் கேள். அப்பாவின் எட்டாவது வருடத் திதி. கிள்ளான் வீட்டை விட்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உன் கொண்டோ அடுக்குமாடி வீட்டுக்கு நான் குடிவந்த பிறகு வந்த முதல் படையல். உன் மாடியில் சாம்பிராணி போட பால்கனியில்தான் அனுமதி என்றாய், சரி என்றேன். விளக்குச் சுடர் பெரிதாக இருக்கிறது, திரியைக் குறை என்றாய், குறைத்தேன். தலைவாழை இலை போட்டு, மட்டன் பிரட்டல், வாளை மீன் குழம்பு, அவருக்குப் பிடித்த மைலோ பானம் ஒரு கிண்ணம் எல்லாம் வைத்து, இலையின் வலது ஓரத்தில் பைப்பையும் வைத்தேன். பிறகு வழக்கம்போல எல்லாரையும் அறைக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகும்வரை யாரும் உள்ளே இருக்கக் கூடாது. பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் சாத்திய கதவுக்கு உள்பக்கம் நான் இருந்தேன். இரண்டு நிமிடத்தில் உன் கூரையில் நீயே உன் கையால் பொருத்திய புகை அலாரம் அலறியது. தட்டாமல் திறந்து நீ பார்த்தபோது, உன் அம்மா இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு, வாயில் பைப்போடு, மூக்கு வழியாகப் புகை விட்டுக்கொண்டிருந்தாள்.

அலாரம் அலறியதைவிட நீ அலறியதுதான் அதிகம். என் கையிலிருந்து பிடுங்கினாய். பற்றிய பைப்பின் தலையைப் பிடித்துப் பெருவிரலைச் சுட்டுக்கொண்டாய். காப்பாரிலிருந்து வந்திருந்த உன் மாமா கதவோரம் நின்று, "அக்கா, நீங்களா ஊதுனீங்க? வாசன வந்ததும் அத்தானே வந்துட்டாருன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்லா" என்றான். ஷாமினி சிரித்துவிட்டு, உன் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. அந்த நேரத்தில் அந்த அறையில் புத்தியோடு நடந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். நீ சொன்னாய், எல்லார் முன்னாலும், இலையில் இருந்த சோற்றுக்கு முன்னாலும் சொன்னாய்: "அப்பாவ கொன்னதே இதுதான். அதப் போயி அவருக்கே படைக்கிறீங்க. இனிமே என் வீட்டுக்குள்ள இது வரக்கூடாது."

அதற்குள் பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் கீழே சொல்லி, நேப்பாளத்துக் காவல்காரப் பையன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மேலே வந்துவிட்டான். யார் புகைத்தது என்று மலாய் மொழியில் கேட்டான். நீ தலையைக் குனிந்தாய். நான் கையைத் தூக்கினேன். என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு அவன் கூச்சத்தோடு பெயர் கேட்டான். நான் உன் அப்பா பெயரைச் சொன்னேன். இன்றைக்கும் கீழே அந்த நோட்டில், செத்து எட்டு வருடமான மனிதர் பதினேழாம் மாடியில் புகைத்தார் என்று எழுதியிருக்கிறது. போய்ப் பார்த்துக்கொள். அந்தப் படையலில் அவர் வந்து போனதற்கு எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

நான் ஏன் உள்ளே இருந்தேன் என்று இத்தனை நாளில் நீ ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். முனியாண்டிக்குச் சுருட்டு வைக்கிறோம், பற்ற வைத்துத்தான் வைக்கிறோம். பற்றாத சுருட்டு வைப்பது, அடுப்பில் ஏற்றாத அரிசியை இலையில் போடுவது மாதிரி. சுருட்டையாவது சுடரில் காட்டினால் எப்படியோ கனன்றுவிடும். பைப் அப்படி இல்லை. யாராவது வாயில் வைத்து இழுத்தால்தான் பற்றும். அதுவும் முதல் தீக்குச்சிக்கு மேல்புகையிலை சிலிர்த்து எழும்பி அணைந்துவிடும். அதை மெல்ல அமுக்கி, இரண்டாவது குச்சி வைத்து, நிதானமாக நாலைந்து இழுப்பு இழுக்க வேண்டும். கிள்ளானில் ஏழு வருடம் இதைத்தான் செய்தேன். அங்கே சாமி அறைக்கு அடுக்களைப் பக்கம் இன்னொரு கதவு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் எல்லாரும் முன்வாசலில் காத்திருக்க, நான் பின்கதவு வழியாகப் போய் உன் அப்பாவுக்குப் பற்ற வைத்துக் கொடுத்துவிட்டு, துளசி இலையை மென்றுகொண்டு உங்களோடு வந்து நின்றுகொள்வேன். செத்தவர் சாப்பிடும்போது உள்ளே ஆள் இருந்தால் அவர் வரமாட்டார் என்பது முறை. பற்றாத பைப்புக்கும் அவர் வரமாட்டார் என்பது எனக்குத் தெரிந்த மனிதரின் குணம். இரண்டில் ஒன்றை நான் மீற வேண்டியிருந்தது. முறையை மீறினேன்.

இப்போது நீ சொன்னதற்கு வருகிறேன். நீ சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் கோபமே அதுதான். பொய் சொல்லியிருந்தால் அங்கேயே உன் காதைத் திருகியிருப்பேன். மருத்துவமனையில் டாக்டர் உன்னிடம் அப்பாவுக்குப் புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டார். பைப் என்றாய். "ஓ" என்று ஒரு எழுத்தில் முடித்து எதையோ குறித்துக்கொண்டார். அந்த "ஓ"வை நீ எட்டு வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறாய். ஆனால் பழியைத் தப்பான ஆள் மேல் போட்டுவிட்டாய். அந்தப் பைப்பை உன் அப்பா வாங்கவில்லை. நான் வாங்கிக் கொடுத்தேன்.

எனக்குக் கல்யாணமானபோது வயது பத்தொன்பது. சேட்டைக்காரி என்று தெருவுக்கே தெரிந்தவள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றே பலகாரத் தட்டில் ஒரு உருண்டைக்குள் மிளகாயை வைத்து யாருக்கு மாட்டுகிறது என்று காத்திருந்தவள். உன் அப்பாவுக்குத்தான் மாட்டியது. அவர் கண்ணில் தண்ணீர் வழிய முழுசாகத் தின்று, "ரொம்ப நல்லாருக்கு" என்றார். அப்போதே கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அவர் கிள்ளான் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கும் குமாஸ்தா. ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். பேச்சில் மட்டும் பெரிய தோட்டத்துத் துரை தோரணை. அந்தத் தோரணையைக் கிண்டல் செய்வதற்காகவே, கோலாலம்பூரில் ஒரு கடையில் பைப் ஒன்றை வாங்கி, அவருடைய பிறந்த நாளன்று சாப்பாட்டு அடுக்கில் சோற்றுக்குப் பதிலாக வைத்து அனுப்பினேன். துறைமுகமே சிரிக்கும், சாயங்காலம் கோபமாக வருவார் என்று காத்திருந்தேன். வாயில் பைப்போடு வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு, "துரைசாணி, துரைக்கு டீ கொண்டா" என்றார். சிகரெட்டை அதோடு விட்டார். பைப்பை விடவில்லை. நான் செய்த சேட்டைகளிலேயே இலக்குத் தப்பாமல் விழுந்தது அது ஒன்றுதான். எனக்கே திரும்பி வந்து விழுந்ததும் அது ஒன்றுதான்.

இன்னும் இருக்கிறது, உட்கார்ந்து படி. கடைசி இரண்டு வருடம் அவர் விட்டுவிட்டார் என்றுதானே உனக்குத் தெரியும்? உண்மையாகவே விட்டார். ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் சொன்னதும், பைப்பை என் கையில் கொடுத்து, "எங்கயாச்சும் ஒளிச்சி வையி, நான் கேட்டாலும் குடுக்காத" என்றார். அரிசிப் பானைக்குள் வைத்தேன். அவர் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சட்டைப் பையைத் தடவித் தடவிப் பார்ப்பார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், குற்றம் செய்யும் இரண்டு பேருக்கு இடையில் வரும் சந்தோஷம் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும். நீ பல்கலைக்கழகத்தில் இருந்தாய். "அப்பா விட்டுட்டாரா?" என்று போனில் கேட்பாய். "விட்டுட்டாருப்பா" என்பேன். ஆக, கொன்றது யார் என்று கத்துவதாக இருந்தால், ஐயா, உன் விரலைப் பைப் பக்கம் நீட்டாதே. அன்றைக்குச் சாத்திய கதவுக்குள் குற்றவாளி உன் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இதை எட்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் என்ன செய்தேன் என்று கேள். கடைகளோடு சண்டை போட்டேன். அவர் கண்மூடிய வருடம், அந்தப் பைப்பை எனக்கு விற்ற கடைக்காரனை நாலு வார்த்தை கேட்பதற்காக ரயிலேறிக் கோலாலம்பூருக்குப் போனேன். அந்த இடத்தில் பால் டீக்கடை இருந்தது. சண்டைக்கு வந்தவளிடம் ஒரு பொண்ணு சீனி எவ்வளவு என்று கேட்டாள். பிறகு நீ என்னை ஊர் ஊராகக் கூட்டிப்போக ஆரம்பித்தாய். அம்மா தனியாக இருக்கிறாள், மனம் மாறட்டும் என்று. உனக்கு அலாரக் கம்பெனியின் பயிற்சி வகுப்பு, எனக்கு "ஹோட்டல்ல ரெஸ்ட் எடுங்கம்மா". நீ லிஃப்டில் இறங்கியதும் நானும் இறங்கிவிடுவேன். கோயிலுக்குப் போனேன், புடவைக் கடைக்குப் போனேன் என்று உனக்குச் சொன்ன கதைகள் எல்லாம் பைப் கடைகள்.

சிங்கப்பூரில் கடைக்குள் போனால் சரக்கே கண்ணில் படாது. சட்டம் அப்படி. எல்லாம் அலமாரிக் கதவுக்குப் பின்னால், நடை சாத்திய சன்னதி மாதிரி. நான் வைய வந்தவள், எதைப் பார்த்து வைவது என்று தெரியாமல் சாத்திய கதவையே வைதேன். இப்போது நம் ஊரிலும் அப்படி மறைத்துவிட்டார்கள். சென்னையில் பைப் கடை என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். தண்ணீர்க் குழாய் விற்கும் கடையில் இறக்கிவிட்டார். அது என் தப்பு, அந்த ஊரில் சரியாகக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஒருவழியாகத் தேடிப் போன சரியான கடையில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "வீட்டுக்காரர வரச் சொல்லும்மா" என்றார். "அமாவாசைக்கு வருவாரு, சொல்றேன்" என்றேன். மெல்பர்னில் எல்லாப் பொட்டலமும் ஒரே சேற்று நிறம், மேலே அழுகிய நுரையீரல் படம். உள்ளே இருந்த பொண்ணு நான் திட்டத் தொடங்கியதும், தன்னிடம் இதற்கெல்லாம் பதில் இல்லை, அரசாங்கத்துக்கு எழுதுங்கள் என்று ஒரு அட்டையைக் கொடுத்தாள். திட்டுவதற்கும் அங்கே விண்ணப்பப் பாரம் பூர்த்தி செய்ய வேண்டியிருக்கிறது. எந்த ஊரிலும் என் சண்டையை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. புகையிலையை விற்கும் ஊர் எல்லாம் அதற்கு மூடி போட்டு வைத்திருக்கிறது. விற்பதை நிறுத்தவும் இல்லை, நிமிர்ந்து நின்று ஏச்சு வாங்கவும் இல்லை.

லண்டனில்தான் ஒருவர் வாங்கிக்கொண்டார். சின்னக் கடை. சுவர் முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். என் வயதில் ஒரு வெள்ளைக்காரர், சட்டைக் கைக்கு ரப்பர் வளையம் மாட்டியிருந்தார். நான் புடவைக்கு மேல் உன்னுடைய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை பார்த்தபோது பழகிய இங்கிலீஷில், உங்கள் சரக்கு என் வீட்டுக்காரரைக் கொன்றுவிட்டது, அதைச் சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றேன். அவர் மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். தன் அப்பாவும் அண்ணனும் இதே மேசைக்குப் பின்னால் நின்று விற்றவர்கள், இரண்டு பேருமே இதனால்தான் போனார்கள் என்றார். பிறகும் கடையைத் திறக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, சில நாள் இருக்கும் என்றார். நான் அத்தனை ஊரிலும் கேட்க அலைந்த பதில் அவ்வளவுதான் போலிருக்கிறது. அதோடு என் சத்தம் அடங்கிவிட்டது. உங்களவர் என்ன புகையிலை போடுவார் என்று அவர் கேட்டார். எனக்குப் பெயர் தெரியவில்லை. அத்தனை வருடம் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியவளுக்கு அதன் பெயர் தெரியவில்லை. அவர் ஜாடி ஜாடியாகத் திறந்து என் முன்னால் வைத்தார். பன்னிரண்டாவதோ பதிமூன்றாவதோ, மூடியைத் தூக்கியதும் கிள்ளான் வீட்டு வாசலில் சைக்கிள் வந்து நின்றது. அவர் அதில் ஒரு சின்னப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, பற்ற வைக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், ஆனால் இருமல் வருகிறது என்றேன். மூச்சை உள்ளே இழுக்காதீர்கள், வாயோடு நிறுத்துங்கள் என்றார். அன்றைக்கு நீ வாங்கிக் கொடுத்த பிரியாணியை நான் ஏன் தொடவில்லை என்று கேட்டாயே, வயிறு சரியில்லை என்றேனே. அது பொய்.

ஆக, உன் அம்மா புகையிலைக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. நாளைக்கு என் பேரப்பிள்ளைகள் யாராவது அதைத் தொட்டால் உன் அலாரத்தைவிட நான் பெரிதாக அலறுவேன். என் ஆத்திரம் வேறு. ஊதுவத்திக்கு ஒரு நியாயம், ஊதிய மனிதருக்கு ஒரு நியாயமா? இலையில் வைத்த மட்டன் அவருடைய ரத்த அழுத்தத்துக்கு நல்லதா? மைலோவில் நான் போட்ட நாலு கரண்டி சீனி நல்லதா? அதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடுங்கினாய். படையல் என்பது அவருக்கு நாம் எழுதும் மருந்துச் சீட்டு இல்லை. அவர் எப்படி இருந்தாரோ அப்படியே வந்து உட்கார ஒரு இடம். நீ அன்றைக்கு, திருத்தம் செய்த அப்பா மட்டும் வரலாம், மற்றவர் வெளியே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டாய். உள்ளே போகப் பிள்ளை வீட்டு வாசலில் அப்பன் அனுமதி கேட்டு நிற்பதா?

இனிக் கடைசிக்கு வருகிறேன். போன புதன்கிழமை காலையில் பாசார் சந்தையிலிருந்து கீரைப் பையோடு வந்தேன். முன்பக்க லிஃப்ட் பழுது என்று பேஸ்மென்ட் வழியாக வந்தேன். உன் கார் நின்றது. என்ஜின் ஓடவில்லை, கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. நீ வேலைக்குக் கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. மடியில் கண்ணாடிக் கூடு திறந்திருந்தது. நீ பைப்பை மூக்கோடு வைத்துக் கண்ணை மூடியிருந்தாய். பெருவிரலில் அன்றைக்குச் சுட்ட தழும்பு. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். கீரையில் இருந்து தண்ணீர் சொட்டிக் காலை நனைத்தது, அசையவில்லை. நீ பைப்பைத் துடைத்து, மூடி, முகத்தையும் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போன பிறகுதான் மேலே வந்தேன். குப்பையில் போட்டுவிட்டேன் என்று நீ ஷாமினியிடம் சொன்னதை இந்த வீட்டில் நம்பியது அவள் ஒருத்திதான்.

எனக்கு வந்த கோபத்திலேயே பெரிய கோபம் அப்போதுதான் வந்தது. ஐந்து வாரமாகச் சாத்திய அறையில் நான் தனியாக அழுகிறேன், கண்ணாடி ஏற்றிய காரில் நீ தனியாக அழுகிறாய். ஒரே மனிதருக்காக, ஒரே வீட்டில், இரண்டு மூடி. அந்த ஊர்க் கடைகளைத் திட்டினேனே, நாம் மட்டும் வேறென்ன செய்துகொண்டிருக்கிறோம்? என் பங்கு மூடியை மேலே திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து. கோபப்பட வேண்டுமென்றால் படு, வந்து என் முகத்துக்கு நேராகப் படு. லண்டன்காரர் மாதிரி நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள் முன்னோர் படையல். பைப் என் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. உன் வீட்டுக்குள் அது வரக்கூடாது என்பதுதான் உன் முடிவு என்றால் சொல்லிவிடு. நானும் அதுவும் காப்பாருக்குக் கிளம்பிவிடுகிறோம், உன் மாமா இலை வாங்கி வைப்பான். ஆனால் வேறு வீட்டில், பிள்ளை இல்லாத அறையில், அவர் எத்தனை வாய் சாப்பிடுவார் என்று நீயே யோசித்துக்கொள். இங்கேதான் என்றால், முறையை இன்னொரு தடவை மீறுவோம். கதவைச் சாத்தும்போது நீ வெளியே நிற்காதே. உள்ளே வா. நீ இழுக்க வேண்டாம், இழுக்கவும் விடமாட்டேன், அது என் வேலை. குச்சி மட்டும் நீ கிழித்துக் கொடு. ஊது வாயின் இடது பக்கத்தில் அவருடைய பல் பதிந்த பள்ளம் ஒன்று இருக்கிறது. காரில் தடவிப் பார்த்திருப்பாய். அதில் என் பல் எப்படி உட்காருகிறது என்று பக்கத்தில் இருந்து பார்.

முருங்கைக்காயைத் தூக்கிப் போடாதே. ஷாமினி சாம்பாருக்கு ஒரு துண்டு குறைகிறது என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாள். அலாரத்தைப் பொருத்தியவன் நீ, அதைப் பத்து நிமிடம் கழற்றி வைக்கவும் உனக்குத்தான் தெரியும். ஸ்டோர் அறையில் இருந்த ஏணியைத் துடைத்துச் சாமி அறை வாசலில் சாய்த்து வைத்திருக்கிறேன். நீ ஏறு. கீழே நான் பிடித்துக்கொள்கிறேன்.

அம்மா